வன்னி மரபுக்கதைகளிற் காலமுரண்: ஓர் ஆய்வு

கிளிநொச்சிக்கு அண்மையிலுள்ள உருத்திரபுரத்துக்கு இரண்டு முகங்கள் உள்ளன. இரணைமடுக் குளத்து நீரை நம்பி இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த குடியேற்றம் ஒன்று. சதுர வடிவான ஆவுடையாரைக் கொண்ட சிவாலயம் மற்றொன்று. இத்தகைய ஆலயமொன்றின் காலம் யாது என்னும் வினா எழும்போதெல்லாம், வழிவழியாக வந்த கதைகளும் அவை கூறும் ஆண்டுக் கணக்குகளும் சான்றாக முன்வைக்கப்படுதல் வழக்கம். அவ்வாண்டுகள் எத்துணை நம்பத்தக்கன என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருளாகும்.

கற்பனைக் கதைத்தொடர் ஒன்றை ஒருவரே எழுதும்போது காலவொழுங்கு அவர் கையில் உள்ளது. கல்கி முதலிற் 'பார்த்திபன் கனவு' எழுதிப் பின்னரே 'சிவகாமியின் சபதம்' எழுதினார். எனினும் பின்னைய நாவலின் நிகழ்ச்சிகள் முன்னையதற்கு முற்பட்டவை. இரண்டையும் ஒருவரே எழுதியமையால் அவற்றைப் பொருத்துதல் இயன்றது. ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் தம் மாயவுலகக் கதைக்கு ஆண்டுவாரியான அட்டவணையொன்றையே பின்னிணைப்பாகச் சேர்த்தார். எமது மரபுக்கதைகளிலும் குதிரைமுக இளவரசியும் யாழ் வாசித்து நாடு பெற்ற பாணனும் உளர். ஆனால் அவை ஒருவர் ஆக்கியவையல்ல. பல ஊர்களிற் பல நோக்கங்களுடன் எழுந்த கதைகள் பிற்காலத்தில் ஒரே தொடராகக் கோக்கப்பட்டன. எமது சிக்கலின் வேர் இதுவே.

இத்தொடருக்குரிய நூல்களுட் சில எமக்குக் கிடைத்துள்ளன. வையாபுரி ஐயர் இயற்றிய வையாபாடல், முத்துராச கவிராசரின் கைலாயமாலை, கவிராச வரோதயன் பெயரால் வழங்கும் கோணேசர் கல்வெட்டு, ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை என்பன அவை. வைபவமாலையாசிரியர் கைலாயமாலை, வையாபாடல் ஆகியவற்றுடன் பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியவற்றையும் பயன்படுத்தினார். இறுதியிற் கூறிய இரண்டும் இன்று எமக்குக் கிடைத்தில. எனவே வைபவமாலையைத் தனியொரு சான்றாகக் கொள்ளாது, முன்னைய நூல்களின் தொகுப்பாகவே கொள்ளுதல் வேண்டும்.

இந்நூல்களிற் காணப்படும் காலமுரண்களை மூவகைப்படுத்தலாம்.

முதலாவது, இருவர் ஒருவராதல். வைபவமாலையில் வரும் சங்கிலி மன்னன் மன்னாரிற் கிறித்தவர்களைக் கொல்வித்தவன். அவனே போர்த்துக்கேயரிடம் அரசை இழந்தவனுமாவான். மன்னார் நிகழ்ச்சி 1544இல் நடந்தது. யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது 1619இல். இடைப்பட்டவை எழுபத்தைந்து ஆண்டுகள். முன்னவன் 1519 முதல் 1561 வரை ஆண்ட முதலாம் சங்கிலி, பின்னவன் 1617இல் ஆட்சியைக் கைப்பற்றிய இரண்டாம் சங்கிலி என்பது போர்த்துக்கேயர் ஆவணங்களால் தெளிவாகின்றது. மக்கள் நினைவில் நின்றவை சங்கிலி என்னும் பெயரும் பறங்கியருடன் பகை என்னும் செய்தியுமே. இடையில் ஆண்ட மன்னர் நினைவினின்றும் நழுவினர்.

இரண்டாவது, ஒருவன் இரு கதைகளிற் புகுதல். இதற்குக் காக்கை வன்னியனே தக்க எடுத்துக்காட்டாவான். வைபவமாலையில் அவன் சங்கிலியைப் போர்த்துக்கேயருக்குக் காட்டிக்கொடுத்தவன். வன்னியில் வழங்கும் கதையிலோ பண்டாரவன்னியனை ஆங்கிலேயருக்குக் காட்டிக்கொடுத்தவன். பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க் என்னும் படைத்தலைவனால் தோற்கடிக்கப்பட்டான். இரு காட்டிக்கொடுப்புகளுக்கும் இடையே ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் உள்ளன. ஒரே பெயருடைய இருவர் வாழ்ந்திருத்தல் கூடாததன்று. ஆயினும் வீரன் வீழ்ந்தான் எனின் அவனை வீழ்த்திய துரோகி ஒருவன் வேண்டும் என்பது கதை மரபின் நியதி. அவ்விடத்தை நிரப்பப் பழைய துரோகியின் பெயர் புதிய கதைக்கு இடம்பெயர்ந்தது எனக் கொள்வதே பொருத்தமாகும்.

இவ்விடத்து மற்றொன்றையும் நோக்குதல் தகும். கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய கல் 1803 ஒக்டோபர் 31இல் நேர்ந்த தோல்வியையே கூறிற்று, இறப்பைக் கூறவில்லை. தோல்வியின் நாளை இறப்பின் நாளாகக் கொள்வது கல் சொல்லாததைக் கல்லின்மேல் ஏற்றுவதாகும். எழுத்துச் சான்று உள்ள காலத்திலேயே, இருநூறு ஆண்டு எல்லைக்குள், இத்தகைய மயக்கம் நேரக்கூடுமாயின், அதற்கு முற்பட்ட காலத்தைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை.

மூன்றாவது, தொன்மை ஏற்றுதல். திருக்கோணமலையிற் கோயிற்றிருப்பணி செய்தவனாகப் போற்றப்படும் குளக்கோட்டனைக் கோணேசர் கல்வெட்டுக் கலியுகம் 512ஆம் ஆண்டுடன் தொடர்புபடுத்துகின்றது. கலியுகத் தொடக்கத்தைக் கி.மு. 3102 எனக் கொண்டால் அது கி.மு. 2590 ஆகும். வைபவமாலையோ அவனைச் சகவருடம் 358இல், அதாவது கி.பி. 436இல் வைக்கின்றது. ஒரே மன்னனுக்கு இரு நூல்கள் தரும் காலங்களுக்கிடையே மூவாயிரம் ஆண்டு வேறுபாடு உள்ளது. திருக்கோணமலைக் கோட்டையிற் கிடைத்த வடமொழிச் சாசனம் சகவருடம் 1145இல், கி.பி. 1223இல், சோடகங்கன் என்பான் இலங்கைக்கு வந்தமையைக் குறிப்பிடுகின்றது. கோணேசர் கல்வெட்டும் குளக்கோட்டனைச் சோழகங்கன் எனக் கூறுதலால் இருவரும் ஒருவரே எனக் கருதும் அறிஞர் உளர். அக்கருத்தை ஏற்பின், மரபுக்கதை பதின்மூன்றாம் நூற்றாண்டுச் செய்தியொன்றைக் கலியுகத்தின் தொடக்கத்துக்கே கொண்டு சென்றுள்ளமை புலனாகும்.

நல்லூர் பற்றிய செய்தியும் இவ்வகையினதே. புவனேகவாகு நல்லூர் நகரையும் கந்தசுவாமி கோயிலையும் அமைத்த ஆண்டு சகவருடம் 870 எனத் தனிப்பாடலொன்று கூறுகின்றது. அது கி.பி. 948 ஆகும். கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவின் சார்பில் சப்புமல் குமாரயா யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியது 1450ஆம் ஆண்டையண்டி. அவனே பின்னர்ப் புவனேகபாகு என்னும் பெயருடன் கோட்டையில் முடிசூடினான். நல்லூர்க் கோயிற் கட்டியத்திலும் அப்பெயர் உண்டு. இங்கு ஐந்நூறு ஆண்டு பிழைத்தது, பெயர் பிழைக்கவில்லை. மரபு பெயரைக் காத்தது, ஆண்டைக் காக்கவில்லை.

இம்முரண்களை நூலாசிரியர்களின் அறியாமை எனத் தள்ளிவிடுதல் முறையன்று. குளக்கோட்டன் கதையில் கோயிலுக்குரிய நிலங்களும் தொழும்பாளரின் கடமைகளும் விரித்துரைக்கப்படுகின்றன. வையாபாடலில் வன்னியர் வருகையும் அவர் குடியமர்ந்த இடங்களும் பேசப்படுகின்றன. உரிமையும் தகுதியும் பற்றிய இச்செய்திகளுக்கு வலுவூட்டவே தொன்மை தேவைப்பட்டது. எத்துணைப் பழைய ஆண்டு கூறப்படுகின்றதோ அத்துணை உறுதியாக உரிமை நிலைபெறும் எனக் கருதப்பட்டது. யாழ்பாடியை விபீடணனோடு வையாபாடல் இணைப்பதும் இந்நோக்கினாலேயே எனலாம். எனவே, இந்நூல்கள் கூறும் ஆண்டு நிகழ்ச்சியின் காலத்தைக் காட்டாவிடினும், நூல் எழுந்த காலத்தின் தேவையைக் காட்டுகின்றது. அவ்வகையில் அவை வரலாற்றுச் சான்றுகளே.

அவ்வாறாயின் வன்னியின் வரலாற்றுக்கு உறுதியான கால எல்லை யாது? பதின்மூன்றாம் நூற்றாண்டு நிகழ்ச்சிகளைக் கூறுமிடத்துச் சூளவம்சம் வன்னி அரசர்களைக் குறிப்பிடுகின்றது. போர்த்துக்கேய, ஒல்லாந்த ஆவணங்கள் வன்னியரின் திறையையும் ஆட்சிப் பிரிவுகளையும் பேசுகின்றன. இவற்றை நிலைக்களனாகக் கொண்டு மரபுக்கதைகளிலுள்ள பெயர்களையும் இடங்களையும் ஒப்புநோக்குதலே தக்க நெறியாகும். சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' இந்நெறிக்கு வழிகாட்டிற்று. 1926இல் வெளிவந்த முதலியார் இராசநாயகத்தின் 'பண்டைய யாழ்ப்பாணம்' என்னும் ஆங்கில நூலும், 1978இல் வெளிவந்த பேராசிரியர் பத்மநாதனின் யாழ்ப்பாண இராச்சியம் பற்றிய ஆங்கில நூலும் அவ்வழியில் எழுந்த பிற ஆய்வுகளாம். முடிபுகளில் இவர்கள் வேறுபட்டாலும், கதையைச் சோதித்தே கொள்ளுதல் வேண்டும் என்பதில் ஒன்றுபடுவர்.

மீண்டும் உருத்திரபுரத்தை நோக்குவாம். அவ்வாலயத்தின் காலத்தை ஆவுடையாரின் அமைப்பு, கல்லின் வேலைப்பாடு, சூழவுள்ள மண்ணிற் கிடைக்கும் மட்பாண்டங்களும் செங்கற்களும் ஆகியவற்றைக் கொண்டே துணிதல் வேண்டும். கலியுகக் கணக்கொன்றை அதற்குச் சூட்டுவோர் அதன் பெருமையை வளர்ப்பதாகவே எண்ணுவர். ஆனால் அக்கணக்குப் பொய்யென நிறுவப்படும் நாளில், அதனைச் சார்ந்து நின்ற உண்மையும் ஐயத்துக்கு இடமாகும். தொல்லியற் சின்னங்கள் யாருக்கு உரியன என்னும் வழக்குகள் மிகுந்துள்ள இக்காலத்தில், 2009இல் முடிவுற்ற போரினால் ஏடுகளும் ஆவணங்களும் அழிந்த வன்னியில், அந்த இழப்பை எளிதாக எண்ணுதற்கில்லை. ஆயிரம் ஆண்டுத் தொன்மையைச் சான்றுடன் நிறுவுதல், ஐயாயிரம் ஆண்டுத் தொன்மையைச் சான்றின்றிக் கூறுவதினும் அம்மக்களுக்கு உறுதி பயப்பதாகும். கதைகளை இழக்காமலும் அவற்றின் ஆண்டுகளுக்கு அடிமைப்படாமலும் எழுதப்படும் வன்னி வரலாறே இன்று எமக்கு வேண்டுவது.