ஷெரீஃபும் ராஜகோபுரமும்: சிவந்தி ஆதித்தனின் பொதுவாழ்வு குறித்து

பா. சிவந்தி ஆதித்தனின் (1936–2013) வாழ்க்கைக் குறிப்புகள் ஏறத்தாழ ஒரே வாய்பாட்டில் எழுதப்படுகின்றன: தினத்தந்தி அதிபர், சென்னை ஷெரீஃப், இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர், பத்மஸ்ரீ. தென்காசி காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரத் திருப்பணி கடைசியில் ‘ஆன்மிகப் பணி’யாக ஒதுங்கிவிடும். ஷெரீஃப் பதவியையும் அத்திருப்பணியையும் பிரித்துப் படிப்பது பொருந்தாது என்பது என் வாதம்.

ஷெரீஃப் பதவி 1726-ஆம் ஆண்டு அரச சாசனத்தோடு, மேயர் நீதிமன்றத்தின் உடன்பிறப்பாக வந்தது. நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றுவதே அதன் பழைய வேலை. சிவந்தி ஆதித்தன் அதை வகித்த 1982–83-இல் விருந்தினரை வரவேற்பதும் பொதுக்கூட்டம் கூட்டுவதுமே முன்னால் தெரிந்தன. 1998-இல் அது ஒழிக்கப்பட்டபோது பெரிதாக வருந்தியவர்கள் இல்லை. வெறும் அலங்காரம் என்ற தீர்ப்பில் உண்மை உண்டு. ஆனால் கட்சிக்கொடி இல்லாமல் பலரை ஓரிடத்தில் உட்கார வைக்கும் தகுதியை அப்பதவி ஊரறியச் செய்தது. தந்தை சி. பா. ஆதித்தனார் கட்சி நடத்தியவர், சபாநாயகராகவும் அமைச்சராகவும் இருந்தவர். மகனோ தேர்தல் பாதையைத் தேர்ந்துகொள்ளவில்லை. அவர் ஷெரீஃபாக இருந்தபோது ஆட்சியில் எம்.ஜி.ஆர்.; தென்காசிக் குடமுழுக்கு நடந்த 1990-இல் கருணாநிதி.

தென்காசியில் அவர் வகித்த திருப்பணிக் குழுத் தலைமையும் இத்தகையதே. கோயிலின் நிர்வாகம் இந்து சமய அறநிலையத் துறைக்கு உட்பட்டது. குழுத் தலைவர் ஆணையிட முடியாது. நன்கொடையாளர்களைத் திரட்டலாம், அதிகாரிகளிடம் நடக்கலாம். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயிலின் கோபுரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிதைந்து, தலைமுறைகள் பல அப்படியே நின்றது. பணக்காரர்கள் இல்லாமலா போனார்கள்? அவர்களைச் சேர்த்துப் பிடிக்க ஆள் இல்லை என்பதே பொருத்தமான விளக்கம். ஒன்பது நிலைகளோடு சுமார் 180 அடி உயரத்தில் கோபுரம் மீண்டும் எழுந்தது. 1990 ஜூனில், குற்றாலச் சாரல் காலத்தில், குடமுழுக்கு நடந்தது.

இத்திருப்பணியின் சமூகப் பொருள் இன்னும் கனமானது. காயாமொழி ஆதித்தன்கள் நாடார் குலத்தினர். திருநெல்வேலிச் சீமையின் பல கோயில்களில் நாடார்கள் நுழைய முடியாதிருந்தது. 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் சென்றதற்காக நடந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. சிவந்தி பிறந்த 1936-இல்தான் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானது. குற்றாலத்தை அடுத்த செங்கோட்டை அன்று அந்தச் சமஸ்தானத்தில் இருந்தது. எல்லைக்கு இப்பால், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தென்காசியும் குற்றாலமும் 1939-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் காத்திருந்தன. நுழைவே வழக்காக இருந்த ஒரு குலத்தவர் அரைநூற்றாண்டில் பாண்டியர் கோயிலின் திருப்பணியைத் தலைமையேற்று நடத்தியதை ‘பக்தி’ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது.

எல்லாம் பத்திரிகையின் செல்வாக்கு என்று மறுக்கலாம். 1942-இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களையும் வாசகராக்கியது. டீக்கடை பெஞ்சு வரை போன பெயர் நன்கொடைக்கும் உதவியிருக்கும். இம்மறுப்பு பாதி சரி. பத்திரிகையும் பணமும் கொண்ட முதலாளிகள் தமிழகத்தில் வேறு சிலரும் இருந்தனர். சிதைந்த கோபுரமும் அவர்கள் கண்முன்னேதான் இருந்தது. செல்வாக்கைப் பிறர் நம்பிக் கைகோக்கும் பொதுக்காரியமாக மாற்ற, கட்சி சாராத மதிப்பு தேவைப்பட்டது. அவருக்கு அந்த மதிப்பைச் சேர்த்தவற்றில் ஷெரீஃப் பதவியும் ஒன்று.