ஆறேகாலால் பெருக்கு

பேரிக்காய் வயிறும் நீண்ட கழுத்துமாக இருக்கும் கெல்டால் குடுவையோடுதான் பால் ஆய்வகத்தில் என் வேலைக்காலம் கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அதன்மேல் எனக்குள்ள மரியாதை குறையவில்லை. அது பிறந்தது பாலுக்காக அல்ல, பீருக்காக.

கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுவாலையை நடத்திய யாக்கப்சன், 1875இல் அதற்கென ஓர் ஆய்வகம் தொடங்கினார். அங்கே கண்டுபிடிக்கும் பயனுள்ள எதையும் மறைத்து வைக்கக்கூடாது, வெளியிட வேண்டும் என்று விதியும் எழுதினார். தொழில் ரகசியத்தைப் பூட்டி வைக்கும் முதலாளிகளைப் பார்த்தவள் நான். அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆய்வகத்தின் வேதியியல் பிரிவுக்குத் தலைவர் யோஹான் கெல்டால். பார்லியில் புரதம் மிகுந்தால் பீர் கலங்கும். அதனால் புரதத்தை அளக்க வேண்டியிருந்தது. அப்போதிருந்த டூமா முறையில் அதற்குத் தானியத்தை எரித்து, வரும் நைட்ரஜன் வாயுவை அளக்க வேண்டும். ஒரு மாதிரியை முடிப்பதே பெரும்பாடு.

1883 மார்ச்சில் கெல்டால் தன் வழியைச் சொன்னார். அடர் கந்தக அமிலத்தில் மாதிரியைக் கொதிக்க விட வேண்டும். கறுத்து நுரைத்து, புகை கக்கி, கடைசியில் தெளியும். புரதத்திலிருந்த நைட்ரஜன் அம்மோனியம் சல்ஃபேட்டாக மாறியிருக்கும். காரம் சேர்த்துக் காய்ச்சி வடித்தால் அம்மோனியா வரும். அதை அமிலத்தில் பிடித்து டைட்ரேட் செய்ய வேண்டும். எங்கள் காலத்தில் போரிக் அமிலத்தில் பிடித்தோம். பச்சையாக நிற்கும் கரைசல் ப்யூரெட்டிலிருந்து விழும் ஒரு சொட்டில் இளஞ்சிவப்பாகும்போது கை தானாக நின்றுவிடும்.

இந்தக் கணக்கில் கிடைப்பது நைட்ரஜன் மட்டுமே. புரதத்தில் அது சுமார் 16 சதவீதம் என்று கொண்டு 6.25ஆல் பெருக்குகிறோம், பாலுக்கு 6.38. மாதிரியில் உள்ள நைட்ரஜன் எல்லாம் புரதத்திலிருந்தே வந்தது என்ற நம்பிக்கையில் நிற்கும் பெருக்கல் இது.

அந்த நம்பிக்கையைக் கலப்படக்காரர்கள் திருடினார்கள். மெலமைன் என்ற தொழிற்சாலை வேதிப்பொருளின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் கலந்த பாலில் அதைச் சேர்த்தால் கெல்டால் கணக்கில் புரதம் ஏறும். 2007இல் அமெரிக்காவில் நாய், பூனைகளுக்கான உணவில் மெலமைன் இருந்தது தெரிந்தது. அப்போதே உலகம் விழித்திருக்க வேண்டும். மறு ஆண்டு சீனாவில் குழந்தைகளின் பால்பவுடரில் அது சிக்கியது. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றார்கள். சிறுநீரகத்தில் கல். 6 குழந்தைகள் இறந்தார்கள் என்று அரசே சொன்னது. இந்தியா சீனப் பால் பொருட்களைத் தடை செய்தது.

குற்றம் கெல்டால்மீது இல்லை. பார்லியை நேர்மையாக விற்றவர்கள் நடுவில் வேலை செய்தவர் அவர். மாற்றும் நம் கையில் இருக்கிறது: பாலில் ட்ரைகுளோரோஅசெட்டிக் அமிலம் சேர்த்தால் புரதம் திரிந்து படியும், மெலமைன், யூரியா போன்றவை பெரும்பாலும் கரைசலிலேயே தங்கிவிடும். படிந்ததை மட்டும் குடுவையில் போட்டால் வருவதுதான் உண்மைப் புரதம். கூடுதலாகச் செலவாவது கொஞ்ச நேரமும் ஒரு வடிதாளும். இப்போது அந்த ஆய்வக மேசை முன் நிற்கும் பிள்ளைகளே, மேலதிகாரி கேட்காவிட்டாலும் அந்த ஒரு படியை விட்டுவிடாதீர்கள்.