தாஜ் ஓட்டலின் ஆவியும் அசல் கதையும்

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் மும்பைத் தமிழர்கள் தவறாமல் அழைத்துப்போகும் இடம் கேட்வே ஆஃப் இந்தியா. எதிரே நிற்கும் தாஜ் மஹால் ஓட்டலைக் காட்டி யாராவது ஒருவர் அந்தப் பேய்க்கதையை எடுத்துவிடுவார். வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் வரைபடத்தைக் கொடுத்துவிட்டுச் சீமைக்குக் கப்பலேறினாராம். திரும்பி வந்து பார்த்தால் முகப்பு ஊர்ப்பக்கம், முதுகு கடல்பக்கம்! மனமொடிந்து மாடியிலிருந்து குதித்தவரின் ஆவி இன்றும் பழைய கட்டடத்தில் உலவுகிறதாம்.

கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு. ஜம்ஷெட்ஜி டாட்டா எழுப்பிய இந்த ஓட்டல் 1903 டிசம்பர் 16 அன்று திறக்கப்பட்டது. இதை வடிவமைத்தவர்கள் சீதாராம் கண்டேராவ் வைத்யா, டி.என்.மிர்சா என்ற இரு இந்தியர்கள். வேலை முடியுமுன்பே, 1900இல், வைத்யா மலேரியாவில் காலமானார். அதன்பின் பொறுப்பேற்று முடித்துக் கொடுத்தவர்தான் டபிள்யூ.ஏ.சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர். ஆக, கதையில் குதித்துச் செத்த வெள்ளைக்காரர் உண்மையில் வேலையை முடித்தவர். நடுவில் இறந்தவரோ நம் நாட்டவர், அதுவும் காய்ச்சலில். பேய்க்கதை ஊரெல்லாம் தெரிகிறது. வைத்யா பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, முதுகு விஷயம்? அதுவும் தவறில்லை, திட்டம். அன்று விருந்தினர்கள் குதிரை வண்டியில் ஊருக்குள்ளிருந்து வந்தார்கள். வாசலும் அந்தப் பக்கமே வைத்தார்கள். கடலைப் பார்த்த பக்கம் அறைகளுக்குப் போயிற்று. கேட்வேயைப் பார்த்து வாசல் வைத்திருக்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி: அந்த வளைவு கட்டி முடிந்ததே 1924இல்தான்! பின்னாளில் வாசலைக் கடல்பக்கம் மாற்றினார்கள். பழைய வாசல் இருந்த இடத்தில் இப்போது நீச்சல் குளம்.

2008 நவம்பர் 26 இரவு தொடங்கிய பயங்கரவாதத் தாக்குதலில் இந்தப் பழைய கட்டடம் தீப்பிடித்து எரிந்ததை நாமெல்லாம் டி.வி.யில் பார்த்தோம். ஓட்டலில் மட்டும் 31 பேர் மாண்டார்கள். விருந்தினரைக் காப்பாற்றப் பின்தங்கிய ஊழியர்களும் அவர்களில் உண்டு. பக்கத்து டவர் கட்டடம் அடுத்த மாதமே திறந்துவிட்டது. எரிந்த பகுதியைப் பழையபடி புதுப்பித்து 2010 ஆகஸ்ட் 15 அன்று திறந்தார்கள். அந்த 31 பேரின் பெயர்களையும் உள்ளே நினைவுச்சின்னத்தில் பொறித்திருக்கிறார்கள். அடுத்த முறை உறவுக்காரர்களைக் கூட்டிப்போனால், குதிக்காத எஞ்சினியரை விட்டுவிட்டு, அந்தப் பெயர்களைப் பற்றிச் சொல்லுங்கள். வைத்யாவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.