ஊர்ப் பேரை மாத்தின சோழனும் உங்க ஃபைலும்: "ஆன" என்ற சொல்லின் கதை

1/ கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைலுக்குப் பேரை மாத்துறீங்க. இல்லைன்னா வேற ஃபோல்டருக்கு நகர்த்துறீங்க. ஃபைல் பத்திரமாத்தான் இருக்கு. ஆனா அதிலிருந்து கணக்கு எடுத்துட்டிருந்த எக்செல் ஷீட்டும், நீங்க நாலு பேருக்கு அனுப்பின லிங்க்கும் "அப்படி ஒண்ணு இல்லை"ன்னு சொல்லுது. ஏன்?

2/ காரணம் எளிமையானது. அந்த லிங்க் ஃபைலை ஞாபகம் வச்சிருக்கல. அது இருந்த விலாசத்தைத்தான் ஞாபகம் வச்சிருக்கு. பொருள் தொலையல, அதுக்குப் போற வழிதான் தொலைஞ்சிருக்கு.

3/ இது கம்ப்யூட்டரோட வந்த தொல்லைன்னு நினைக்காதீங்க மக்களே. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஆட்கள் இதே சிக்கலைச் சந்திச்சிருக்காங்க. அதுக்கு வழியும் கண்டுபிடிச்சிருக்காங்க.

4/ அந்தக் காலத்துல கோயில் சுவர்தான் பத்திரப்பதிவு அலுவலகம். யார் எந்த நிலத்தைக் கொடுத்தாங்க, எத்தனை ஆடு விட்டாங்க, எந்த வரி நீக்கப்பட்டது, எல்லாம் கல்லில் இருக்கும். ஒரு குடும்பத்தோட உரிமையே அந்த எழுத்தை நம்பி நிக்கும். சரி, கோயிலைப் பிரிச்சுக் கட்டணும்னா என்ன பண்றது?

5/ கொள்ளிடக் கரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் திருமழபாடி வைத்தியநாத சுவாமி கோயில் இருக்கு. அந்தக் கோயிலின் விமானத்தைப் புதுசாகக் கட்ட முதலாம் ராஜராஜன் (985–1014) உத்தரவு போட்டார். கூடவே இன்னொரு உத்தரவு: சுவரை இடிக்கும் முன் அதிலுள்ள கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் படியெடுக்கணும்.

6/ அப்படியே செஞ்சாங்க. வேலை முடிஞ்சதும், அவர் மகன் ராஜேந்திரன் காலத்தில், அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினாங்க. இந்தச் செய்தியும் கல்வெட்டாகவே நமக்குக் கிடைச்சிருக்கு.

7/ வரிசையைக் கவனிங்க. முதலில் படி. பிறகுதான் இடிப்பு. கடைசியில் புது இடத்தில் பதிவு. இன்னைக்கு ஒரு ஃபைலை பென் டிரைவுக்கு "மூவ்" பண்ணும்போது கம்ப்யூட்டரும் இதையேதான் செய்யுது. முதலில் காப்பி, பிறகு பழையதை அழிப்பு. நடுவுல பிடுங்கினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்!

8/ இந்தக் கவனம் இல்லாம திருப்பணி நடந்த கோயில்களையும் பார்க்கலாம். எழுத்துள்ள கல் தரையில் கிடக்கும். சுவரில் தலைகீழா இருக்கும். பாதி வரியோட நிக்கும். "துண்டுக் கல்வெட்டு"ன்னு பேர். கொடுத்தது யாருன்னு இருக்கும், எந்த நிலம்னு இருக்காது.

9/ இடம் மாத்துறது ஒரு பக்கம்னா, பேர் மாத்துறது இன்னொரு பக்கம். எங்க நெல்லைப் பக்கம் வாங்க. திருநெல்வேலிக்கு வடக்கே, சிற்றாற்றங்கரையில் கங்கைகொண்டான். கங்கை எங்கே, சிற்றாறு எங்கே? அது ராஜேந்திர சோழனோட பட்டப்பேர். பாண்டிய நாட்டைப் பிடிச்ச சோழர்கள் அதுக்கே "ராஜராஜப் பாண்டிநாடு"ன்னு பேர் வச்சாங்க. உள்ளே இருந்த பல ஊர்களுக்கும் புதுப் பேர் வந்தது.

10/ ஆனா ஒரு நல்ல வேலை பார்த்தாங்க. தாமிரபரணிக் கரையில் இருக்கும் சேரன்மகாதேவியின் சோழர் காலப் பேர் நிகரிலிச் சோழச் சதுர்வேதிமங்கலம். கல்வெட்டில் பழைய பேரைச் சொல்லி, "ஆன"ன்னு ஒரு சொல்லைப் போட்டு, அப்புறம் புதுப் பேரைச் சொல்லுவாங்க. அதாவது "இதுதான் அது".

11/ பழைய விலாசத்துக்கு வர்றவங்களைப் புது இடத்துக்குத் திருப்பி விட இணையத்தில் ரீடைரக்ட்னு ஒண்ணு உண்டு. நம்ம "ஆன" செஞ்சதும் அதே வேலைதான். பழைய பத்திரத்தோட வர்றவனுக்கும் வழி தெரியும், புதுப் பேர் மட்டும் தெரிஞ்சவனுக்கும் வழி தெரியும்.

12/ சோழர் ஆட்சி போச்சு. சேரன்மகாதேவியில் பழைய பேர் ஜெயிச்சது, கங்கைகொண்டானில் சோழன் பேர் நிலைச்சது. எந்தப் பேர் நிக்கும்னு மாத்துற அன்னைக்கு யாருக்கும் தெரியாது. அதனாலதான் ரெண்டையும் சேர்த்து எழுதணும்.

13/ மூணாவது வழி, பேரைச் சாராத அடையாளம். கல்வெட்டுத் துறை படியெடுக்கும் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஆண்டும் வரிசை எண்ணும் கொடுக்கும். இங்கே 1986-ல் தூத்துக்குடிப் பகுதி தனி மாவட்டம் ஆச்சு. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் 1997-ல் மறுபடி திருநெல்வேலி ஆச்சு. 2019-ல் தென்காசி பிரிஞ்சது. கல்வெட்டு எண் மாறவே இல்லை.

14/ ரயில்வேயும் அப்படித்தான். மெட்ராஸ் 1996-ல் சென்னை ஆச்சு. சென்ட்ரல் நிலையத்துக்கு 2019-ல் எம்.ஜி.ஆர். பேர் வந்தது. டிக்கெட்டில் குறியீடு இன்னும் எம்.ஏ.எஸ். தான். நம்ம திருநெல்வேலி இன்னும் டி.இ.என். தான், அதாவது வெள்ளைக்காரன் சொன்ன "டின்னவேலி".

15/ மருத்துவத்துக்கு வருவோம். 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் குரங்கு அம்மையின் ஆங்கிலப் பேரை "எம்பாக்ஸ்"னு மாத்தினப்போ, ஒரு வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்தே புழங்கட்டும்னு சொல்லிச்சு. பார்த்தீங்களா, அதே "ஆன"!

16/ இதெல்லாம் ஒரு டாக்டருக்கு எதுக்குன்னு கேக்குறீங்களா? எங்க பக்கம் ஓ.பி.யில் "இசக்கியம்மாள்"னு கூப்பிட்டா நாலு பேர் எழுந்திருப்பாங்க. அதில் ஒரு அம்மாவுக்குப் பென்சிலின் அலர்ஜின்னு பழைய நோட்டில் எழுதியிருக்குன்னு வைங்க. புது நோட்டு, புது எண் போட்டாச்சு, பழைய எண்ணை யாரும் குறிக்கல. தகவல் அலமாரியில் பத்திரமா இருக்கு. ஊசி போடுற நர்ஸ் கைக்கு வராது. அங்கே அறுந்த லிங்க் உயிரோட விளையாடும்.

17/ அதனால ஃபைலோ நோட்டோ, இந்த நாலும்:
👉 நகர்த்தும் முன் படி எடுங்க. புது இடத்தில் திறந்து பார்த்த பிறகே பழையதை அழிங்க.
👉 மாத்துறதுக்கு முன்னாடி இதை யார் யார் நம்பி இருக்காங்கன்னு தேடுங்க.
👉 பழைய இடத்தில் "இது இங்கே போயிருக்கு"ன்னு ஒரு குறிப்பு விடுங்க.
👉 மாறக்கூடிய விஷயத்தைப் பேரில் வைக்காதீங்க. "கடைசி", "புதுக் கடைசி"ன்னு பேர் வச்ச ஃபைல்கள் நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு 😊

18/ ஆஸ்பத்திரிக்கு வரும்போது பழைய சீட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் மறக்காமக் கொண்டு வாங்க. புது நோட்டு போட்டா முதல் பக்கத்தில் பழைய எண்ணையும், அலர்ஜி இருந்தா அதையும் எழுதச் சொல்லிக் கேளுங்க. ஆதாரில் ஒரு பேர், ரேஷன் கார்டில் ஒரு பேர்னு இருந்தா ரெண்டையும் சொல்லுங்க. வெக்கப்பட ஒண்ணும் இல்ல, சோழ நாட்டு அதிகாரியே அப்படித்தான் எழுதியிருக்கார்.