தாழ் விழுந்த சக்கரம்

கார் வாங்கி எட்டாவது நாள். கல்லூரி வளாகத்தின் சரிவான ஓரிடத்தில், முன்சக்கரம் ஓரக்கல்லில் முட்டி நிற்கும்படி வண்டியை நிறுத்திவிட்டு வகுப்புக்குப் போயிருந்தேன். மாலையில் வந்து சாவியை நுழைத்தால் அது திரும்ப மறுத்தது. ஸ்டீயரிங் சக்கரமோ கல்லில் செதுக்கியதுபோல் அசையாது நின்றது. கடன் வாங்கிப் பெற்ற பொருள் பத்து நாள்கூடத் தாங்கவில்லையே என்ற பதற்றத்தில் சாவியை முறுக்கிக்கொண்டிருந்தபோது வாயிற்காவலர் வந்து சன்னலருகே குனிந்தார்.

"அழுத்தாதீங்க சார், சாவி ஒடஞ்சிரும். ஸ்டீரிங்க ரெண்டு பக்கமும் லேசா ஆட்டிக்கிட்டே திருப்புங்க" என்றார்.

அப்படியே செய்தேன், திறந்துகொண்டது. "திருட்டுப் போகாம இருக்கத்தான் சார் தானாப் பூட்டிக்குது" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். முப்பதாண்டுக் காலம் தமிழ் படித்தும் பயிற்றுவித்தும் வருகிறவனுக்கு ஒரு சாவித்துளையின் இலக்கணம் தெரியவில்லை என்ற நாணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. இக்கட்டுரை அந்த நாணத்தின் விளைவு.

செய்தி எளியதுதான். ஸ்டீயரிங் தண்டில் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். சாவியை உருவியதும் வில்லினால் உந்தப்பட்ட உலோகத் தாழ் ஒன்று தண்டின்மீது வந்து அமர்கிறது. சக்கரம் சற்றே திரும்பும்போது எதிர்ப்படும் பள்ளத்தில் விழுந்துவிடுகிறது. ஓரக்கல்லில் முட்டிய சக்கரம் திரும்பிச் செல்ல முயலும் விசை முழுவதும் தாழின் பக்கவாட்டில் வந்து இறுக்குவதால்தான் சாவி திரும்புவதில்லை. சக்கரத்தை ஆட்டினால் இறுக்கம் தளர்கிறது. அன்பைப் பற்றிப் பேசவந்த வள்ளுவர் கையாண்ட அதே 'தாழ்' என்னும் சொல்லே இதற்கு மிகப் பொருத்தமாக இருப்பதால் 'பூட்டு' என்பதை இங்கு அதிகம் பயன்படுத்தவில்லை.

இந்தத் தாழுக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் மோட்டார் வாகனம் பெருகியதும் அதனைக் களவாடுவதும் பெருகியது. திருடிய வண்டியோடு மாநில எல்லையைக் கடந்துவிட்டால் பின்தொடர்ந்த காவலரின் அதிகாரம் எல்லையிலேயே நின்றுவிடும். இதற்காகவே 1919இல் டயர் சட்டம் வந்தது. டயர் என்பது அதனைக் கொணர்ந்த உறுப்பினரின் பெயர், சக்கரத்து டயரன்று. வங்கிக் கொள்ளையன் ஜான் டிலிஞ்சர் 1934 மார்ச்சில் இண்டியானாவின் கிரவுன் பாயிண்ட் சிறையிலிருந்து தப்பியபோது ஷெரீஃபின் காரையே எடுத்துக்கொண்டு சிகாகோவுக்கு ஓட்டிச் சென்றான். கொள்ளைகளுக்காகப் பிடிக்க முடியாத அவனை, மாநில எல்லை தாண்டிய கார்த் திருட்டுக்காகவே கூட்டாட்சிப் புலனாய்வாளர் துரத்த நேர்ந்தது.

ஐரோப்பாவில் நெய்மான் என்பாரின் பெயரால் வந்த பூட்டு பிரான்சில் அவ்வளவு பரவியது. இன்றும் பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் சாவித்துளையோடு கூடிய இந்த அமைப்புக்கு 'நெய்மான்' என்றே பெயர். நம்மூரில் நகலெடுக்கும் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் என்று பெயர் வைத்ததைப் போன்றது அது. ஆனால் விருப்பமுள்ளோர் பொருத்திக்கொள்ளும் பொருளாக இருந்தது, எல்லோர்க்கும் கட்டாயமாவதற்குச் சில பத்தாண்டுகள் பிடித்தன.

எனக்குச் சுவையாகப்பட்ட இடம் இந்தக் கட்டாயத்தின் வரலாறே. மேற்கு ஜெர்மனி 1960களின் முற்பாதியில் புதிய வண்டி, பழைய வண்டி என்ற பேதமின்றி எல்லாக் கார்களுக்கும் ஸ்டீயரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது. கார்த் திருட்டு வெகுவாகக் குறைந்தது. பிரிட்டனோ 1971இல், புதிதாக வரும் கார்களுக்கு மட்டும் போதுமென்று நின்றுவிட்டது. விளைவை அந்நாட்டு உள்துறையின் ஆய்வாளர்கள் 1976இல் 'குற்றம் என்பது வாய்ப்பு' என்று பொருள்படும் தலைப்பில் வெளியிட்டனர். புதிய கார்கள் திருடப்படுவது சட்டென்று குறைந்திருந்தது. திருடர்கள் தாழில்லாத பழைய கார்களை நாடினார்கள்.

பழைய கார் யாரிடம் இருக்கும்? புதியது வாங்க வசதியற்றவரிடம். காப்பீட்டில்கூட அவருக்குத் திரும்பக் கிடைப்பது சொற்பம். வசதியுள்ளவன் வாசலில் தாழிட, திருடன் அடுத்த வீட்டுக்குப் போனான். அந்த அடுத்த வீட்டைச் சட்டம் எண்ணிப் பார்க்கவில்லை. பழைய வண்டிகளுக்கும் பூட்டுப் பொருத்தச் சொல்வதற்கு ஆகும் செலவையும் எதிர்ப்பையும் அஞ்சியிருக்கலாம் என்று பிரிட்டனுக்காக வாதிடலாம். ஜெர்மனியில் அது நடந்தது என்பதை வைத்துப் பார்க்கையில் அவ்வாதம் எனக்கு ஏற்கத்தக்கதாக இல்லை.

அமெரிக்கர் வேறு வழியில் வந்தனர். 1969ஆம் ஆண்டு மாதிரிகளில் ஜெனரல் மோட்டார்ஸ் தண்டுப் பூட்டைப் பொருத்தியது. 1970 ஜனவரி முதல் கூட்டாட்சிப் பாதுகாப்பு விதி, சாவியை எடுத்தால் ஸ்டீயரிங்கோ வண்டியின் நகர்வோ தடைபட வேண்டும் என்றது. திருட்டைத் தடுக்கும் விதி சாலைப் பாதுகாப்பு விதிகளுள் இடம்பெற்றதற்குக் காரணம் உண்டு: திருடிய வண்டியை ஓட்டுவோர் மற்றவர்களைவிட மிக அதிகமாக விபத்துக்குள்ளாகின்றனர், அதில் திருட்டோடு தொடர்பில்லாதவர்களும் இறக்கின்றனர். சுவீடனின் சாப் நிறுவனமோ 1968இல் வந்த தன் 99 மாதிரியில் சாவித்துளையை இருக்கைகளுக்கு நடுவே வைத்தது; பின்னோக்குக் கியரில் போட்டால்தான் சாவி வெளியே வரும், ஸ்டீயரிங் அல்ல, கியர் பூட்டிக்கொள்ளும். மோதலின்போது முழங்கால் சாவியில் இடிபடாமல் இருப்பதும் ஒரு நன்மை.

ஓடுகின்ற வண்டியில் இந்தத் தாழ் விழுந்தால் என்னாகும் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. மலையிறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துச் சாவியைத் திருப்பிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. எஞ்சின் நின்றாலே ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைத்துவந்த துணைவிசை போய்விடும். சாவியையும் உருவிவிட்டால் அடுத்த வளைவில் சக்கரம் நின்றுவிடும். இதனைக் கையேடு எழுதுவோர் பெரிய எழுத்தில் எழுதினாலும் படிப்போர் என்னைப் போன்றவர்கள்தாம்.

1990களில் சாவிக்குள் மின்னணுச் சில்லு வந்தது. உரிய சில்லில்லாச் சாவியால் எஞ்சின் இயங்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதலும் கனடாவில் 2007 முதலும் புதிய கார்களுக்கு இது கட்டாயம். அமெரிக்காவில் கட்டாயமில்லை. அங்கு 2011 முதல் 2021 வரை விற்ற பல ஹூண்டாய், கியா கார்களில் சில்லு வைக்கப்படவில்லை. ஸ்டீயரிங் தண்டின் உறையை உடைத்து, யூஎஸ்பி முனையைச் செருகித் திருப்பியே அவற்றை ஓட்டிச் செல்லலாம் என்பதைச் சிறுவர்கள் காணொளிகளில் காட்ட, 2022, 2023ஆம் ஆண்டுகளில் திருட்டு காட்டுத்தீயாய்ப் பரவியது. வாங்கியோருள் பலர், விலை குறைவென்பதற்காகவே அந்த மாதிரிகளைத் தேர்ந்தவர்கள். நிறுவனங்கள் மென்பொருளைத் திருத்தியதோடு, காவல்துறை வாயிலாக இலவசமாக விநியோகித்தவை சக்கரத்தின் குறுக்கே மாட்டும் இரும்புத் தண்டுகள். 1980களிலேயே கடைகளில் விற்ற அதே தண்டுகள்.

இருபதாண்டுக் காலம் ஸ்கூட்டரின் கைப்பிடியை ஒடித்துத் திருப்பி நானே பூட்டி வந்தவன். அதே தாழ் காரில் தானாக விழுந்ததும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. இப்போதெல்லாம் வண்டியை ஓரக்கல்லில் முட்டவிடாமல் ஒரு சாண் தள்ளி நிறுத்துகிறேன்.