குழந்தைகள் அறிவியல் மாநாடு

10 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்கள் உள்ளூர்ச் சிக்கல் ஒன்றைத் தாங்களே ஆராய்ந்து கட்டுரை படிக்கும் தேசிய நிகழ்வு. 1993 முதல் நாடு முழுவதும் நடந்துவருகிறது. தமிழகத்தில் ஒருங்கிணைப்பது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். மாவட்டம், மாநிலம், தேசியம் எனப் படிகள் உண்டு. ஆய்வறிக்கையைத் தமிழிலேயே எழுதலாம். பிளஸ் டூ மதிப்பெண் துரத்தலுக்கு நடுவே கல்லூரி ஆய்வுக்கு இதைவிட நல்ல ஒத்திகை அரிது.

எடுத்துக்காட்டாக, மூங்கில்துறைப்பட்டு மாணவர்கள் ஆய்வுத் தலைப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. பக்கத்தில் தென்பெண்ணை ஆறு, ஊரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. ஆலைக்காக வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் நீர் வற்றி எடை குறையும், சர்க்கரைச் சத்தும் இறங்கும். ஒரே கட்டில் பாதியை நிழலிலும் பாதியை வெயிலிலும் வைத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்து நோட்டில் குறித்தால் போதும். தராசு மளிகைக்கடையில் கடனாகக் கிடைக்கும். பொறுமைதான் கடன் கிடைக்காது.