காஞ்சியில் மறைந்த தடமும் நீலகிரியில் வாழும் தடமும்

செப்பேட்டால் நிலைத்த ஊர் கூரம். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் அவ்வூர்ச் சிவன் கோயிலுக்கு அளித்த கொடையும், மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென ஒதுக்கிய பங்கும் இன்றும் நாம் அறியக் கிடைக்கின்றன. ஆனால், அதற்கு அண்மையிலுள்ள காஞ்சிக்கு 1865இல் வந்த சிறுதடப் புகைவண்டியை நினைப்பார் அரியர்.

இந்தியன் டிராம்வே கம்பெனி அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம்வரை சுமார் 19 மைல் தொலைவுக்கு அப்பாதையை அமைத்தது. நாட்டின் பெரும்பாதைகள் ஐந்தரை அடி அகலத்தில் அமைந்த காலத்தில், இதன் அகலம் மூன்றரை அடியே. தடம் குறுகினால் மண்வேலையும் பாலச் செலவும் குறையும் என்பதே அதன் கணக்கு. 1874இல் தென்னிந்திய இரயில்வே உருவானபோது இப்பாதையும் அதனுள் அடங்கிற்று. 1878இல் மீட்டர் பாதையாக மாற்றப்பட்டது. பின்னாளில் அகலப் பாதையுமாயிற்று. தடத்தின் அகலம் மாறினால் அதற்கென்றே செய்த எஞ்சினும் பெட்டியும் அங்கு ஓட இயலா. அப்பழைய வண்டிகளுள் ஒன்றையேனும் இன்று காஞ்சியில் காணுமாறில்லை.

இழந்தது எத்தகையது என்பதை உணர விழைவோர் மேட்டுப்பாளையம் செல்லவேண்டும். 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டிய நீலகிரி மலைப்பாதை, 1,000 மில்லிமீட்டர் அகலமுடையது. ஏறத்தாழ 46 கிலோமீட்டரில் 208 வளைவுகளும் 16 குகைவழிகளும் 250 பாலங்களும் உள்ளன. கல்லாறு முதல் குன்னூர்வரை தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதிக்கப்பட்டுள்ளது. எஞ்சினின் பற்சக்கரம் அதனைக் கவ்வி ஏறுகிறது. எஞ்சின் முன்னின்று இழுப்பதில்லை, பின்னின்று தள்ளுகிறது. பெட்டிதோறும் தடைக்காரர் ஒருவர் நின்று, கொடிக்குறிப்பை நோக்கித் தடையை இயக்குகிறார். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் உருவான பழைய எஞ்சின்கள் பழுதுற்றபோது, பொன்மலைப் பணிமனையே அவ்வகையில் புதியன செய்தளித்தது. 2005இல் யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இங்கே ஒன்று சிந்திக்கத்தக்கது. நீலகிரியில் காக்கப்படுவது இரும்பு மட்டுமன்று. அதனை இயக்கும் கைத்திறனும் ஆகும். காட்சிக்கூடத்தில் நிறுத்திய எஞ்சின் வடிவத்தைக் காட்டும். ஓடும் எஞ்சினோ, அதனைச் செப்பனிடும் அறிவையும் அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றும். பாரதம் எழுதிய ஏட்டைப் பூட்டிவைப்பதோடு அமையாது, அதனை வாசிப்பதற்கும் பங்கு ஒதுக்கிய கூரத்துக் கொடையின் நெறியும் இதுவேயன்றோ!

மொழிக்கும் இவ்வுண்மை பொருந்தும். புகைவண்டி, இருப்புப்பாதை, கைகாட்டி என்னும் சொற்கள் இரயில் வந்தபின் தமிழ் ஆக்கிக்கொண்ட செல்வங்கள். கைகாட்டி மரங்கள் மறையுந்தோறும் அச்சொல்லும் வழக்கொழிகிறது. மீட்டர் பாதைக் காலத்தில் உழைத்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் சொற்களையும் நினைவுகளையும் கேட்டு எழுதிவைத்தல் பாவலர்க்கு இயலாத பணியன்று. செப்பேடு வெட்டுவார் இல்லாத இக்காலத்தில் அப்பொறுப்பு எழுதுகோலினுடையதே.